அம்புக்குறி வந்ததும் எழுந்து போனவள்

“அழிச்சிட்டியேடி, பெத்தவ மூஞ்சியவே—”

“அழிக்கலம்மா, நான் சொல்றதக் கொஞ்சம்—”

“எனக்கென்ன கண்ணு தெரியாதா? அம்பு வருது, நான் போறேன். மறுக்க வருது, மறுக்க போறேன். இதுக்குத்தான் மூணு வாரமா அந்தப் பொட்டிய மடியில வெச்சுக்கிட்டு இருந்தியா?”

“போகலம்மா, மங்குற. நீ மங்குனாத்தான் உனக்குப் பின்னால இருக்குற காய் தெரியும். அதுக்குப் பேரு ஹோவர். மவுசக் கொண்டாந்து படத்து மேல வெச்சா—”

“பேரு என்னவோ இருக்கட்டும். போறது யாரு? நானா, காயா?”

முத்துப்பிரியா அம்புக்குறியைப் படத்திலிருந்து நகர்த்தினாள்.

“நீதான்.”

“அப்ப எடு என் போட்டாவ.”

ஞாயிற்றுக்கிழமை காலை. சிலமலையில் அவர்கள் வீட்டு அரிசி டிரம்மின் மேல் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் போடி சாதிக் பாட்சா ஏலக்காய்க் கிட்டங்கியின் வெப்சைட். பன்னிரண்டு கட்டங்கள்; கட்டத்துக்கு ஒரு பெண்ணாகக் கிட்டங்கியில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் பன்னிரண்டு பேர். முதல் கட்டத்தில் சுருளியம்மாள். மவுசின் அம்புக்குறி அவள் முகத்தின் மேல் வந்து நின்றால் முகம் மெல்ல வெளிறி, கால் நொடியில் காணாமல் போய், அந்த இடத்தில் எட்டு மில்லிக் காய், எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள உயர்ந்த ரகம், பச்சைப்பசேலென்று குவிந்து கிடக்கும். முத்துப்பிரியா இதைச் செய்து முடித்தபோது தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான். அம்மாவைக் காட்டி அசத்த வேண்டும் என்றுதான் குளித்துவிட்டு வந்தவளைத் தலை துவட்டக்கூட விடாமல் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“எம்மா, வெள்ளிக்கெழம விருதுநகர் யோகராஜ் அண்ணாச்சி வர்றாரு. அவருதான் கிட்டங்கிக்கே பெரிய பார்ட்டி. வர்றதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்தப் பாத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு. அவருக்குப் பிடிக்கலேன்னா இந்த வேலையக் கொச்சிக்காரவுக கிட்டக் குடுத்துருவேன்னு மொதலாளி மகன் மன்சூர் அண்ணே சொல்லிட்டாரு.”

“குடுக்கட்டும்.”

“கீழ பாரு. ‘வடிவமைப்பு: முத்துப்பிரியா, சிலமலை.’ நான் இதுவரைக்கும் இருபது பக்கம் செஞ்சிருக்கேன். எல்லாம் வேலை குடுத்த மதுரைக்காரர் பேருல போச்சு. என் பேரு போட்டு வர்றது இதுதான் முதல்ல.”

“போட்டுக்க. என் படத்த மட்டும் எடுத்துட்டுப் போட்டுக்க.”

“நீ எடுக்கச் சொன்னா மகாராணி அத்தையும் எடுக்கச் சொல்லும். அது சொன்னா பன்னெண்டு பேரும் சொல்லுவீக. அப்பறம் பக்கத்துல என்ன இருக்கும்?”

“காய் இருக்கும். அதத்தான பாக்க வர்றாக?”

வெளியே ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த தங்கபாண்டி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார். “ஆத்தாளும் மகளும் சண்டையப் போட்டு முடிச்சா டீத்தண்ணி வருமா, இல்ல நான் கடைக்குப் போயிக்கிறவா?”

“உங்க மக என்னைய மங்க வெச்சிட்டா, நீங்க டீயக் கேளுங்க!”

“மங்க வெச்சிட்டாளா? உன்னையவா?” என்றார் தங்கபாண்டி. “இருபத்தஞ்சு வருசமா எனக்கு ஒரு நாளும் முடியலையே.”

முத்துப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. சுருளியம்மாள் சிரிக்கவில்லை. ஈரத் தலையைக் கொண்டையாக முடிந்துகொண்டு, திரையைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துப் பேசினாள்.

“கிட்டங்கிக்குப் பார்ட்டி வந்தா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? நீதான் வந்து வந்து சொல்லுவியே. ‘அண்ணாச்சி கையில அள்ளிப் பாத்தாரு, இது யாரு பொறுக்குன காயின்னு கேட்டாரு, சுருளியம்மா கையின்னு மொதலாளி சொன்னாரு, அசந்து போயிட்டாரு’ன்னு.”

“அது நெசந்தான்.”

“அப்பறம் என்ன?”

“நெசந்தான். ஆனா நான் அங்கன இல்ல.”

முத்துப்பிரியாவுக்கு விளங்கவில்லை.

“வாசல்ல கார் வந்து நின்னா மன்சூர் தம்பி ரெண்டு தட்டு கை தட்டுவாரு. நாங்க பன்னெண்டு பேரும் முறத்த அப்படியே வெச்சிட்டு எந்திரிச்சுப் பின்கட்டுக்குப் போயிருவோம். கதவச் சாத்திருவாக. வர்றவுக காயை மட்டும் பாக்கணும்ல. பேச்சு முடிஞ்சு கார் போனதும் கதவு தெறக்கும். மறுபடியும் வந்து உக்காருவோம்.”

“அப்ப நீ சொன்னதெல்லாம்?”

“கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டது.”

“இருபத்திரண்டு வருசமாவா?”

“மொதலாளியோட அத்தா காலத்துலருந்தே அப்படித்தானாம். யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல. பொம்பளயாளுக மேல நாலு கண்ணு படக் கூடாதுன்னு ஆரம்பிச்சிருப்பாக. வழக்கமாப் போச்சு.” சுருளியம்மாள் திரும்பி, விரலால் திரையைத் தொடாமல் சுட்டிக் காட்டினாள். “அங்கயும் ஆளு வந்தா நான் எந்திரிச்சுப் போகணும். இங்கயும் ஆளு வந்தா நான் எந்திரிச்சுப் போகணுமா? அதையும் நீ கைதட்டி அனுப்புவியா?”

முத்துப்பிரியா தன் பக்கத்தைப் பார்த்தாள். மூன்று வாரம் தினமும் பார்த்த பக்கம்தான். அம்புக்குறியை முதல் கட்டத்துக்குக் கொண்டுபோனாள், அம்மா போனாள். இரண்டாவதுக்குப் போனாள், மகாராணி அத்தை போனாள். மூன்றாவது, நான்காவது. வரிசையாக எழுந்து போனார்கள். இது எப்படி அழகாகத் தெரிந்தது என்று இப்போது அவளுக்கே புரியவில்லை. அந்தக் கிட்டங்கிக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. படங்களை மன்சூர்தான் சுவரோரம் நிறுத்தி எடுத்து போனில் அனுப்பியிருந்தான். அம்மா வேலை செய்யும் இடத்தை அம்மா சொன்னபடிதான் அவளுக்குத் தெரியும். அந்தக் கதைகளில் அம்மா எப்போதும் வியாபாரிக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள்.

“எம்மா.”

“என்ன?”

“திருப்பிப் போடட்டா?”

“எத?”

“ரெண்டு படமும் ஒண்ணு மேல ஒண்ணு இருக்கு. எது மேல இருக்கணும், எது மங்கணும்கிறது என் கையிலதான இருக்கு. முதல்ல காய் இருக்கட்டும். ஆளு வந்து கையை வெச்சா, காய் மங்கி நீ வரணும்.”

சுருளியம்மாள் டீக்குத் தண்ணீர் வைத்தாள். ஆனால் அடுப்பிலிருந்து திரை தெரிகிற மாதிரி சற்றே தள்ளி நின்றுகொண்டாள். அது போதும் என்று முத்துப்பிரியா தட்டத் தொடங்கினாள்.

வேலை என்னவோ சின்னதுதான். ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. ஒன்று என்றால் முழுதாகத் தெரியும். பூஜ்யம் என்றால் தெரியவே தெரியாது. காய்க்கு ஒன்று, அம்மாவுக்குப் பூஜ்யம். அம்புக்குறி மேலே வந்தால் மாற்றிப் போடு. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

“வந்து பாரு.”

சுருளியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். காய்க்குவியல். அம்புக்குறி வந்தது. குவியல் சட்டென்று போய் அவள் முகம் வந்து நின்றது.

“என்னடி இப்படி விழுந்தடிச்சு ஓடியாறேன்?”

“கால் நொடி வெச்சிருக்கேன்மா. பாக்குறவுகளுக்குப் பொறுமை இருக்காது.”

“அவுகளுக்கு இல்லாட்டிப் போகுது. நான் என்ன பயந்துக்கிட்டா வர்றேன்? நடந்து வர்ற மாதிரி வை.”

“ஒரு நொடி?”

“போட்டுக் காட்டு.”

போட்டுக் காட்டினாள். சுருளியம்மாள் தலையை ஒருபக்கம் சாய்த்து, முறத்தில் காயைப் பரப்பிவிட்டுப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“இன்னும் செத்த.”

“ஒன்றரை?”

“ம்.”

“ஒன்றரையெல்லாம் ரொம்பம்மா, யாரும் அவ்வளவு—”

“நீ போடு.”

ஒன்றரை நொடியில் காய் வெளிறியது. வெளிறுகிற பச்சைக்குள்ளிருந்து முதலில் நெற்றிக் குங்குமம் வந்தது, பிறகு மூக்குத்தி, பிறகு முகம். மன்சூர் எடுத்த படத்தில் அவள் சிரித்திருக்கவில்லை. நேராகப் பார்த்திருந்தாள். அதுவே நன்றாக இருந்தது.

“காய் எங்க?” என்றாள் சுருளியம்மாள்.

“போயிருச்சு. நீ வந்துட்டீல.”

“முழுசாப் போகக் கூடாது. காய் இல்லாட்டி நான் யாருன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் இருக்கணும், எனக்குப் பின்னால.”

முத்துப்பிரியா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு காய்க்குப் பூஜ்யம் என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டுக் கால் பங்கு தெரிகிற மாதிரி போட்டாள். இப்போது முகத்துக்குப் பின்னால் காய் இளம்பச்சை நிழலாக நின்றது.

“அம்பு போயிட்டா?”

“நீ போயிருவ. காய் திரும்ப வரும்.”

சுருளியம்மாள் யோசித்தாள். “அது பரவாயில்ல. அவுக போன பெறகு நான் போறேன். அவுக வந்ததும் போறதுதான் ஆகாது.”

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. தங்கபாண்டி உள்ளே வந்து அணைத்துவிட்டு, இருவர் தோளுக்கும் நடுவே தலையை நீட்டித் திரையைப் பார்த்தார். மகள் ஒருமுறை அம்புக்குறியை நகர்த்திக் காட்டினாள்.

“யாருடி இது,” என்றார், “போடிமெட்டு வளைவுல பனிக்குள்ளருந்து வர்ற பஸ்சு மாதிரி இம்புட்டு நிதானமா?”

“பஸ்சா நான்?”

“எதுக்க வர்றவன் ஒதுங்கிக்கிருவான்னு சொன்னேன், தாயி.”

அப்போதுதான் சுருளியம்மாள் சிரித்தாள். மறுபடியும் ஒரு தடவை காட்டச் சொன்னாள். அப்புறம் மகாராணியுடையதைக் காட்டச் சொன்னாள். அப்புறம் பன்னிரண்டையும்.

திங்கட்கிழமை முத்துப்பிரியா லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அம்மாவோடு போடி பஸ்சு ஏறினாள். கிட்டங்கிக்குள் நுழைந்ததுமே சுருளியம்மாள் மற்ற பதினோரு பேருக்கும் சங்கதியைச் சொல்லிவிட்டாள். கிட்டங்கியின் முன்அறையில் சாதிக் பாட்சா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் விலை கேட்டுக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டைப்பையில் எப்போதும் நாலு காய் கிடக்கும். மகன் மன்சூர் திரையைப் பார்த்தான். ஒருமுறை, இருமுறை அம்புக்குறியை நகர்த்தினான்.

“என்னம்மா இது? மாத்திட்ட?”

“ஆமாண்ணே.”

“கஸ்டமர் படத்து மேல மவுசக் கொண்டு வர்றதே காயை நல்லாப் பாக்கத்தான். அந்த நேரம் பாத்துக் காயை மறைச்சா எப்படி?”

“மறைக்கலண்ணே, பின்னால தெரியுது. முழுக்காய் முதல்லயே பாத்துருவாக. இத யாரு பொறுக்குனாங்கிறது அப்பறம் வருது. பேரும் வருது, பாருங்க: ‘சுருளியம்மாள், தரம் பிரிப்பவர், இருபத்திரண்டு ஆண்டுகள்.’”

“காய் வாங்குறவனுக்குப் பேரு எதுக்கு?”

“காயில கையெழுத்தா போட முடியும்? இங்கதான் போட முடியும்.”

“நல்லாப் பேசுற. ஆனா வேணாம். பழையபடி போடு.”

“பழையபடி போட்டா பன்னெண்டு பேரும் படத்த எடுக்கச் சொல்றாகண்ணே.”

“யாரு சொன்னா?”

முறங்கள் வரிசையாக இருந்த உள்கூடத்திலிருந்து மகாராணியின் குரல் வந்தது. “நாங்கதேன் சொன்னோம் தம்பி! கல்யாண வீட்டுலகூட வந்தவுகள இப்படி வெரட்ட மாட்டாக!”

பதினோரு பேரும் சிரித்தார்கள். சுருளியம்மாள் சிரித்தாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. கை மட்டும் தெரிந்தது. காயைத் தொட்டுத் தொட்டு, வெடித்ததை ஒருபக்கமும் சொறிபிடித்ததை ஒருபக்கமும் தள்ளிக்கொண்டிருந்தது.

சாதிக் பாட்சா போனை வைத்தார். “என்ன மன்சூரு சத்தம்? எனக்கும் காட்டு. அந்தப் பொட்டி வேணாம், இதுலயே காட்டு.” தன் போனை நீட்டினார்.

முத்துப்பிரியா அவர் போனில் பக்கத்தைத் திறந்தாள். காய்கள் வந்தன. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“அம்புன்னீங்களே, எங்க அம்பு?”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போனில் அம்பு ஏது? மூன்று வாரமும் லேப்டாப்பிலேயே பார்த்துப் பார்த்துச் செய்தவள், இந்த ஊரில் பக்கம் பார்க்கப்போகிற அத்தனை பேரும் போனில்தான் பார்ப்பார்கள் என்பதை நினைக்கவே இல்லை.

“விரலால... தொடுங்க மொதலாளி.”

அவர் பெருவிரலை வைத்தார். காய் வெளிறி, சுருளியம்மாள் வந்தாள். விரலை எடுத்தார். சுருளியம்மாள் அங்கேயே இருந்தாள். அவர் போனை ஆட்டிப் பார்த்தார். சட்டைப்பை அருகே கொண்டுபோய்த் துடைத்துவிட்டுப் பார்த்தார். அவள் போகவில்லை.

“பாத்தீங்களா அத்தா, சிக்கிக்கிச்சு,” என்றான் மன்சூர். “இதுக்குத்தான் கொச்சியில குடுப்போம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்.”

“போன்ல அப்படித்தாண்ணே,” முத்துப்பிரியாவின் குரல் இறங்கியது. “மவுசுன்னா எடுத்ததும் தெரியும். விரலு எடுத்தது அதுக்குத் தெரியாது. வேற எடத்துல தொட்டாத்தான் போகும். இன்னைக்கே சரி பண்ணிர்றேன்—”

“என்ன சரி பண்ணப் போற?” என்றார் சாதிக் பாட்சா.

“விரலை எடுத்ததும் போற மாதிரி.”

அவர் திரையில் மறுபடியும் சுருளியம்மாள் முகத்தைத் தொட்டார். அவள் நேராகப் பார்த்தபடி இருந்தாள். அவருக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது.

“அட, நெசச் சுருளியும் இப்படித்தானப்பா! முறத்துல ஒரு வெளுத்த காய் இருக்குன்னு பட்டுட்டா, பஸ்சு போயிருச்சுன்னாலும் எந்திரிக்க மாட்டா. இதச் சரி பண்ணாத. இது சரியாத்தான் இருக்கு.”

“அத்தா, யோகராஜ் அண்ணாச்சி பாத்தா—”

“பாக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு.”

முத்துப்பிரியா உள்கூடத்தைப் பார்த்தாள். அம்மா தலைநிமிரவில்லை. ஆனால் கை, ஒரே ஒரு கணம், முறத்தின் மேல் அசையாமல் நின்றது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கிட்டங்கி வாசலில் கார் வந்து நின்றது. லேப்டாப்போடு வந்து இருக்கும்படி மன்சூர்தான் முத்துப்பிரியாவிடம் சொல்லியிருந்தான். அண்ணாச்சி ஏதாவது குறை சொன்னால் அவளே பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்று. அவள் முன்அறையில் ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

மன்சூர் இரண்டு தட்டு கைதட்டினான்.

அம்மா சொல்லிக் கேட்டதுதான்; முத்துப்பிரியா பார்த்ததில்லை. பன்னிரண்டு பேரும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்கள். மடியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார்கள். மகாராணி அத்தைக்குக் கால் மரத்துப் போயிருக்க வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். அம்மா கடைசியாக எழுந்தாள். மகளைப் பார்க்காமலே போனாள். கதவு மூடிக்கொண்டது. கூடத்தில் பன்னிரண்டு முறமும் குவியல்களும் மட்டும் இருந்தன.

பக்கத்தில் மாற்றியதை இங்கேயும் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லையா என்று முத்துப்பிரியா அந்தக் கதவையே பார்த்தாள். சிரித்துச் சிரித்துப் போனைத் தொட்டுப் பார்த்த மொதலாளிக்குக்கூடத் தோன்றவில்லை. அவர் எழுந்து வாசலுக்குப் போய், “வாங்க வாங்க அண்ணாச்சி” என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

யோகராஜ் ஒல்லியான ஆள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நேரே கூடத்துக்குப் போய்க் குவியலுக்கு முன் குத்துக்காலிட்டார். ஒரு கை அள்ளினார். உள்ளங்கையில் உருட்டினார். ஒன்றை நகத்தால் பிளந்து உள்ளே இருந்த அரியை, விதையை, முகர்ந்தார். பக்கத்துக் குவியலிலிருந்து இன்னொன்று.

“மன்சூரு, ரெண்டும் எட்டு மில்லி. ரெண்டும் ஒரே பச்ச. எதுக்குத் தனித்தனியாக் குமிச்சிருக்கீக?”

“அது... ரெண்டு லோடு அண்ணாச்சி.”

“ரெண்டு லோடுன்னா சேத்துர வேண்டியதுதான? எனக்கு ஒரே மூட்டையா வேணும்ல?”

“சேத்துரலாம் அண்ணாச்சி. இப்பவே சேக்கச் சொல்றேன்.”

“இருப்பா. சேக்காம வெச்சவுக எதுக்கோ வெச்சிருக்காக. அதத்தான் கேக்குறேன்.”

மன்சூர் தந்தையைப் பார்த்தான். சாதிக் பாட்சாவுக்கும் தெரியவில்லை. யோகராஜ் எழுந்து, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து இரண்டு பேருக்கும் முன்னால் நீட்டினார்.

“இந்தம்மா எங்க?”

போனில் சுருளியம்மாள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காயைப் பெருசாக்கிப் பாப்பம்னு காலையில தொட்டேன், வந்தாக. விரல எடுத்தேன், போகல. எங்க வீட்டம்மா எட்டிப் பாத்து யாரு இவுகன்னு கேட்டா. காய் பொறுக்குற அம்மான்னேன். ‘உங்களுக்கு வர்ற காயெல்லாம் இவுக கையில போயித்தான் வருதா, இத்தன வருசமா ஒரு நாளாவது பாத்திருக்கீகளா’ன்னா. நான் பேரக் கேட்டிருக்கேன், ஆளப் பாத்ததில்லையே பாய்! வரும்போதெல்லாம் வெறும் முறந்தான இருக்கு. ஆளே இல்லாம காய் தானாப் பிரிஞ்சுக்கிருதோன்னு நெனச்சேன்.”

சாதிக் பாட்சா சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, வேலையாட்களைக் கூப்பிடும் குரலில் இல்லாமல், பக்கத்து வீட்டில் யாரையோ கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

“சுருளியம்மா... செத்த முன்னால வாங்க. அண்ணாச்சி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்.”

அப்புறம் தாழ்ப்பாள் அசைந்தது. கதவு திறந்து சுருளியம்மாள் வந்தாள். ஒன்றரை நொடியெல்லாம் இல்லை. அவள் பாட்டுக்கு, சேலைத் தலைப்பைத் தோளில் சரிசெய்துகொண்டு, கூடத்தின் நீளத்தையும் நடந்து, தன் முறத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“கேளுங்க அண்ணாச்சி.”

“இந்த ரெண்டையும் ஏம்மா சேக்கல?”

“இது குரங்கணி மலையில வெளஞ்ச காய். அது போடிமெட்டுக் காய்.”

“பச்ச ஒண்ணாத்தான இருக்கு?”

“இன்னைக்கு ஒண்ணாத்தான் இருக்கும். மெட்டுக் காய் போன வாரத்து மழையில காய வெச்சது. ஈரம் முழுசா எறங்கல. நாப்பது நாள் போனா வெளுத்துரும். ரெண்டையும் சேத்தா அது வெளுக்குறப்ப குரங்கணிக் காய்க்கும் சேத்துக் கெட்ட பேரு.”

மன்சூர் சட்டென்று முன்னால் வந்தான். வாங்க வந்தவரிடம் சரக்கின் குறையை நம் ஆளே சொல்வதா? “அண்ணாச்சி, அதெல்லாம் லேசா—” என்று தொடங்கினான். யோகராஜ் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஈரம் இருக்குன்னு எப்படிம்மா தெரியும்? கையில காஞ்ச மாதிரித்தான இருக்கு?”

சுருளியம்மாள் ஒரு குவியலிலிருந்து ஒரு கை அள்ளி முறத்தில் உதிர்த்தாள். சலசலவென்று விழுந்தது. மற்றதிலிருந்து ஒரு கை அள்ளி உதிர்த்தாள். அதே உயரம், அதே முறம். சத்தம் மட்டும் அமுங்கியிருந்தது.

யோகராஜ் தாமே அள்ளி உதிர்த்துப் பார்த்தார். இன்னொரு தடவை உதிர்த்தார். பிறகு சாதிக் பாட்சாவைத் திரும்பிப் பார்த்தார்.

“பாய், குரங்கணிக் காய் அம்புட்டையும் என் பேருல போடுங்க. மெட்டுக் காயைத் திரும்பக் காய வைங்க; இந்தம்மா சரின்னு சொன்னா அதையும் ஏத்தி விடுங்க. நான் இனி வந்து பாக்கக்கூட வேணாம்.”

“செஞ்சாப் போச்சு,” என்றார் சாதிக் பாட்சா. தம் சட்டைப்பையில் கிடந்த நாலு காயை வெளியே எடுத்து, எதற்கென்று தெரியாமல் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நிறைவு. “இருபத்திரண்டு வருசக் கை அண்ணாச்சி.”

“அதுதான் எழுதியிருக்கே,” யோகராஜ் போனைத் தட்டிக் காட்டினார். “கீழ இன்னொரு பேரும் இருக்கு. சிலமலை முத்துப்பிரியா. அது யாரு?”

முத்துப்பிரியா நாற்காலியிலிருந்து எழுந்தாள். பதில் முறத்துக்கு முன்னாலிருந்து வந்தது.

“எம் மகதேன்.”

அம்மா அதை எப்படிச் சொன்னாள் என்பதை முத்துப்பிரியா அப்புறம் பலமுறை நினைத்துப் பார்ப்பாள். சத்தமாகச் சொல்லவில்லை. எட்டு மில்லிக் காயை எட்டு மில்லி என்று சொல்கிற மாதிரி, சந்தேகத்துக்கே இடமில்லாமல் சொன்னாள்.

யோகராஜ் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தார். சாதிக் பாட்சா டீ சொல்ல எழுந்தார். திறந்து கிடந்த பின்கட்டுக் கதவுக்கு அப்பால் மகாராணியின் சேலை தெரிந்தது. அதன் பின்னால் இன்னும் நாலைந்து தலைகள், எட்டிப் பார்ப்பதும் ஒளிவதுமாக. மன்சூர் கூடத்தைக் கடந்து போய், எப்போதும் போல, கதவின் பிடியில் கை வைத்தான்.

சுருளியம்மாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கதவச் சாத்திராதீங்க தம்பி, இன்னும் பதினோரு பேரு வரணும்.”